உணவும் நினைவும்

செங்கற்பட்டிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை, திருக்கழுக்குன்றத்து மலையடியைக் கடந்து, வயல்களுக்கும் பனைகளுக்கும் இடையே சென்று, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் மாமல்லபுரத்துக் கடற்கரையை அடைகிறது. அவ்வூருக்கு வருவோர் பல்லவர் சமைத்த கற்றளிகளைக் கண்டு வியந்து மீள்வர். அவற்றிற்கு வடக்கே தேவனேரியும் தெற்கே கொக்கிலமேடும் போன்ற மீனவர் குப்பங்கள் கடலோரத்தில் உள்ளன. அங்குச் சென்று காண்போர் சிலரே.

அத்தகைய குப்பம் ஒன்றில் ஓர் இல்லத்தை நாம் மனக்கண்ணால் காண்போம். அவ்வில்லத்து மூதாட்டி எழுபது வயதைக் கடந்தவர். இளமையில் மீன் கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றவர். எழுத்தறியாதவர், ஆயினும் எந்த வீட்டார் எத்தனை நாளுக்கு எவ்வளவு கடன் என்பதை ஒரு காசும் பிசகாமல் நினைவில் வைத்திருந்தவர். இன்று அவர் நண்பகல் உணவை உண்டு கை கழுவி, கால் நாழிகை கழிவதற்குள் திண்ணைக்கு வந்து, "பொழுது சாய்கிறதே, எனக்கு இன்னும் சோறு போடவில்லையே!" என்று உரக்கக் கூறுகிறார். "அத்தை, இப்போதுதானே உண்டீர்கள்?" என்று மருமகள் கேட்டால், "நானா? எப்போது?" என்று சினக்கிறார். தெருவிற் செல்வோர் செவியில் மூதாட்டியின் சொல் விழுகிறது. மருமகளின் மறுமொழி விழுவதில்லை. மாமியாரைப் பட்டினி போடுகிறவள் என்னும் பழி அவளைச் சூழ்கிறது. மூதாட்டியும் பொய் கூறவில்லை. மருமகளும் குற்றம் செய்யவில்லை. இருவருக்கும் இடையே புகுந்திருப்பது ஒரு நோய்.

அந்நோயை மருத்துவர் டிமென்ஷியா என்பர். தமிழில் மறதி நோய் எனலாம். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது மறதி நோய் ஆகாது. அது எல்லா முதியோருக்கும், ஏன், மாணவர் பலருக்கும் உள்ளதே. கண்ணாடி எதற்காக என்பதே விளங்காமற் போவதுதான் நோய். அது மூளையின் உயிரணுக்கள் பழுதுற்று அழிவதால் வருகிறது. அதில் வகைகள் பல. மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் கெடுவதால் வருவது ஒரு வகை. யாவற்றினும் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய்.

அப்பெயர் செர்மானிய மருத்துவர் அலோயிசு அல்சைமர் என்பாரால் வந்தது. பிராங்க்பர்ட்டு நகர மருத்துவமனையில் 1901ஆம் ஆண்டு, ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி ஒருவரை அவர் ஆராய்ந்தார். அம்மையார் நண்பகலில் பூக்கோசும் பன்றி இறைச்சியும் உண்டுகொண்டிருந்தார். என்ன உண்கிறீர்கள் என்று மருத்துவர் வினவ, அவர் கீரை என்று விடை கூறினார். மருத்துவர் அதனை அப்படியே குறித்துக்கொண்டார். 1906இல் அம்மையார் இறந்தபின் அவர் மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, தாம் கண்ட மாற்றங்களை அவ்வாண்டே அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். வாயிலிருக்கும் உணவு யாதென்று உண்பவரே அறியாத நிலை அந்நோயைப் பற்றிய முதற்குறிப்புகளிலேயே இடம்பெற்றது கருதத்தக்கது.

இது மேலைநாட்டார் நோய் என்றும், கூழும் கஞ்சியும் குடித்து உழைக்கும் நம் சிற்றூர் மக்களை அணுகாது என்றும் கருதியோர் பலர். அக்கருத்தை ஆராய்ந்து பார்த்த இடம் மாமல்லபுரத்துக்கு அண்மையிலேயே உள்ளது. முருகன் கோயிலால் புகழ்பெற்ற திருப்போரூரைச் சார்ந்த சிற்றூர்களில், அறுபதும் அதற்கு மேலும் வயதான 750 பேரைச் சென்னை மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்தனர். ஆய்வின் முடிவு 1997இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 3.5 பேரிடம் மறதி நோய் காணப்பட்டது. ஏறத்தாழ முப்பது முதியவருக்கு ஒருவர் என்பது பொருள். பின்னர் நாடு தழுவிய வேறோர் ஆய்வு 2023இல் வெளியாயிற்று. அதன்படி, அறுபது வயதைக் கடந்த இந்தியருள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுற்றவர். இரண்டு ஆய்வுகளின் முறையும் வேறு வேறாதலின், நோய் இரு மடங்காகப் பெருகிற்று என்று இவ்வெண்களைக் கொண்டு கூறலாகாது. ஆயினும் நம் சிற்றூர்களுக்கு இது அயலான நோயன்று என்பது தெளிவு.

நோயென்றால் நம் மக்கள் முதலில் எண்ணுவது உணவையே. திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் மூலிகை ஒன்றன் பெயரையும் கூறாமல், உண்ணும் அளவையும் செரித்தபின் உண்ணுதலையுமே விரித்துரைத்தார். ஆகவே, மூதாட்டியின் இல்லத்தாரும் எதை உண்பித்தால் நினைவு திரும்பும் என்று கேட்பது இயல்பே. அண்டை வீட்டார் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கூறுவர்: வல்லாரை என்பார் ஒருவர், தேங்காய் நெய் என்பார் ஒருவர், மீன் தலை என்பார் மற்றொருவர். இவற்றுள் மீனைப் பற்றிய கருத்து, நெய்தல் நிலத்தாருக்கு உரியதாதலின், சற்று நின்று ஆராயத்தக்கது.

மூளை மனித உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆனால் ஓய்ந்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே கொள்கிறது. நீரை நீக்கிப் பார்த்தால் அதன் பெரும்பகுதி கொழுப்பு. அக்கொழுப்பில் ஒரு வகையை, ஒமேகா-3 என வழங்குவதை, மத்தி, கானாங்கெளுத்தி முதலிய கொழுப்பு மிக்க கடல்மீன்கள் மிகுதியாகத் தருகின்றன. விலை உயர்ந்த வஞ்சிரமே சிறந்தது என்று எண்ண வேண்டுவதில்லை. ஏழையர் வாங்கும் மத்தி இவ்வகையில் எதற்கும் இளைத்ததன்று. எனவே மீன் உண்போர்க்கு மறதி நோய் குறையுமோ என்னும் ஐயம் எழுந்தது. சீனம், இந்தியா, கியூபா, டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா, மெக்சிக்கோ, பெரு ஆகிய ஏழு நாடுகளில் 65 வயதைக் கடந்த 14,960 பேரிடம் ஒரு குழுவினர் ஆய்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். இந்தியாவில் அவர்கள் தேர்ந்த இடங்கள் சென்னையும் வேலூரை அடுத்த சிற்றூர்களுமாம். மீனை அடிக்கடி உண்போரிடம் நோய் குறைவாகவே காணப்பட்டது. இப்போக்கு எல்லா நாடுகளிலும் ஒத்திருந்தது, இந்தியா நீங்கலாக!

இவ்விடத்தில் மாணவர் ஒன்றை நுணுகி அறிதல் வேண்டும். மீன் உண்போரிடம் நோய் குறைவு என்பதும், மீன் நோயைக் குறைக்கும் என்பதும் ஒன்றல்ல. மீன் வாங்கும் வருவாயுள்ளவர் பிற நலன்களும் பெற்றவராக இருக்கலாம். நோயுற்றவர் அந்நோயினாலேயே உணவைக் குறைத்திருக்கலாம். நம் நாட்டிலோ, மீன் உண்பதும் உண்ணாமையும் சமயம், குலம், வருவாய், கடலுக்கும் ஊருக்கும் உள்ள தொலைவு ஆகிய பலவற்றோடும் பின்னிக் கிடக்கின்றன. பார்த்து அறிவது ஒரு நெறி. கொடுத்துப் பார்த்து அறிவது மற்றொரு நெறி. பின்னதே உறுதி மிக்கது.

அவ்வாறு கொடுத்தும் பார்த்தனர். அமெரிக்காவில் அல்சைமர் நோயுற்ற 402 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு அக்கொழுப்புச் சத்தையும், மற்றவருக்கு அதுபோன்ற வெற்று மாத்திரையையும் 18 மாதங்கள் அளித்தனர். 2010இல் வெளியான முடிவின்படி, இரு கூறினரும் ஒரே வகையாகவே நலிந்தனர். சத்து நினைவை மீட்கவில்லை. இழப்பைத் தாமதப்படுத்தவும் இல்லை. கீரை, கொட்டை வகை, பெர்ரிப் பழம், மீன் ஆகியவற்றை மிகுத்து வகுத்த மைண்டு என்னும் உணவுமுறையும் முதலில் பெருநம்பிக்கை தந்தது. பின்னர் நோயில்லாத முதியோர் 604 பேரிடம் மூன்றாண்டுகள் சோதித்தபோது, சற்றே அளவு குறைத்து வழக்கமான உணவை உண்டவரைவிட அவர்கள் நினைவில் குறிப்பிடத்தக்க மேன்மை பெறவில்லை என்று 2023இல் அறிவித்தனர். தாம் விரும்பிய முடிவு வராதபோதும் அதனை மறைக்காமல் வெளியிட்ட அவ்வறிஞர் பாராட்டத்தக்கவர்.

ஆனால் உணவால் பயனே இல்லை என்று இதனால் முடிவு கட்டுதலும் தவறு. பின்லாந்து நாட்டில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1260 பேரை ஈராண்டுகள் ஆராய்ந்தனர். அவருள் ஒரு பாதியினர்க்கு நல்லுணவோடு உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, குருதியழுத்தக் கண்காணிப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்தளித்தனர். அவர்களுடைய சிந்தனைத்திறன் மற்றவரினும் மேம்பட்டிருந்தது என்று 2015இல் கூறினர். தனி ஒரு பண்டம் செய்யாததை வாழ்க்கைமுறை முழுவதும் ஓரளவு செய்தது. 2024ஆம் ஆண்டு அறிஞர் குழு ஒன்று, மறதி நோய்க்கு வழிகோலுபவையும் மாற்றக்கூடியவையுமான 14 காரணங்களைத் தொகுத்தது. அவற்றுள் உணவு என்ற சொல் தனியே இல்லை. ஆனால் உயர் குருதியழுத்தம் உண்டு, நீரிழிவு உண்டு, குருதியில் கெட்ட கொழுப்பு, உடற்பருமன், மிகுதியான மது ஆகியனவும் உண்டு. இவை யாவும் உணவு வழியாகவோ குடி வழியாகவோ வந்து நுழைவன. உணவு தலைவாயிலில் வாராமல் புறக்கடை வழியே வருகிறது எனலாம்.

கடற்கரை மக்கள் இவ்வகையில் எண்ண வேண்டிய பண்டம் ஒன்று உண்டு. மீன் மிகுதியாகப் படும் நாளில் நெத்திலியையும் பிறவற்றையும் உப்பிட்டு மணலில் உலர்த்திக் கருவாடாக்குவர். மழைக்காலத்தில் கடலுக்குச் செல்ல இயலாதபோது அதுவே துணை. புரதம் மிக்க அப்பண்டத்தை இகழ்வதற்கில்லை. ஆயினும், ஒருவர் ஒரு நாளில் 5 கிராமுக்கும் குறைவான உப்பே கொள்ளல் வேண்டும் என்பது உலக நல நிறுவனத்தின் அறிவுரை. உப்புக் கருவாட்டோடு ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தால் அவ்வளவு எளிதில் கடந்துவிடும். உப்பு மிகுந்தால் குருதியழுத்தம் ஏறும். நடுவயதில் ஏறிய அழுத்தம் முதுமையில் மூளையின் நுண்குழாய்களைக் கெடுக்கும். எனவே இது பாட்டிக்கு மட்டும் உரிய செய்தியன்று. நாற்பது வயதுத் தந்தைக்கே மிகவும் உரியது.

நினைவைக் கெடுக்கும் காரணங்களுள் உணவால் உண்மையாகவே தீர்க்கத்தக்கவையும் சில உள. பி-12 என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தால் மறதியும், கால் மரத்துப்போதலும், தளர்ச்சியும் தோன்றும். அச்சத்துப் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. காய்கறியில் இயல்பாக இல்லை. ஆதலின் பாலும் மிகக் குறைவாகக் கொள்ளும் மரக்கறி உணவினர்க்கு அது குறைதல் கூடும். நீரிழிவுக்கு நெடுங்காலம் மெட்பார்மின் மாத்திரை உண்போர்க்கும், வயது முதிர்ந்து குடல் அதனை ஈர்க்கும் ஆற்றல் குன்றியவர்க்கும் அவ்வாறே. ஒரு குருதிச் சோதனை அதனைக் காட்டிவிடும். ஊசியோ மாத்திரையோ அதனை ஈடுசெய்யும். காலத்தில் கண்டால் இழந்த நினைவு மீள்வதும் உண்டு. வயதானால் மறதி வரத்தானே செய்யும் என்று கூறி மருத்துவரிடம் காட்டாமலே விட்டுவிடுவதால் வரும் இழப்பு இத்தகையது.

பி-1 என்னும் தயமினும் அத்தகையதே. தீட்டிய வெள்ளரிசியை மட்டும் உண்ட கோழிகள் நரம்பு தளர்ந்து விழுந்ததையும், தவிடு கலந்து கொடுத்தபின் தேறியதையும் சாவகத் தீவில் கிறித்தியான் ஐக்மன் கண்டார். 1929இல் அவர் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் நீலகிரிக் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் இத்துறையில் உழைத்தார். அங்கு வளர்ந்த ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நெல்லை அவித்துப் புழுங்கலாக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்று தங்கும். செங்கற்பட்டு வட்டாரத்துப் பாட்டிமார் நெல் அவித்தது சோதனைச்சாலையைக் கேட்டன்று. இக்காலத்தில் தயமின் பெரிதும் வற்றுவது மதுவுக்கு அடிமையானவரிடம். அவருள் சிலருக்குப் புதிய செய்தி எதுவும் மனத்தில் பதியாத கொடிய மறதி நேர்கிறது.

குறைந்த சத்தை நிரப்புவது வேறு. குறையாத சத்தை மேன்மேலும் திணிப்பது வேறு. மறதியைத் தடுக்கவென்று பி, ஈ ஆகிய உயிர்ச்சத்துகளையோ ஒமேகா-3 மாத்திரைகளையோ உட்கொள்ள வேண்டா என்று உலக நல நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. வல்லாரையைச் சித்த மருத்துவர் நெடுங்காலமாகப் போற்றி வருகின்றனர். அதனைத் துவையலாக உண்பது நன்றே; ஆனால் மறதி நோயை அது தீர்க்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. தேங்காய் நெய்யும் அவ்வாறே. புட்டியில் அடைத்து, நினைவு திரும்பும் என்று எழுதி விற்பவற்றுக்கு ஒரு மாத வருவாயைச் செலவிடும் ஏழைக் குடும்பம், அப்பணத்தில் முட்டையும் பயறும் மீனும் வாங்கியிருக்கலாமே!

இனி, மூதாட்டியிடம் திரும்புவோம். அவரைப் பொறுத்தவரை, எதை உண்பது என்னும் வினாவினும் எவ்வாறு உண்பது என்பதே பெரிது. மறதி நோயுற்றவர் பலர் மெலிகின்றனர். உண்டதை மறந்து மீண்டும் கேட்பவர் போலவே, உண்ணாததை மறந்து உண்டேன் என்று கூறுபவரும் உளர். நோய் முதிரும்போது முகரும் ஆற்றல் குன்றுவதால், மீன் குழம்பு கொதிக்கும் மணமும் பசியை எழுப்புவதில்லை. உணவு முன்னே இருந்தும் அது உணவு என்பதே புலப்படாது போகும். பின்னும் முதிர்ந்தால் விழுங்குதலும் அரிதாகும். உணவோ நீரோ மூச்சுக்குழலுட் சென்று நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். ஐரோப்பிய ஊட்ட மருத்துவச் சங்கம் 2015இல் வெளியிட்ட நெறிமுறையும், நினைவை மீட்கச் சத்து மாத்திரைகளைப் பரிந்துரைக்கவில்லை. இனிய சூழலில், துணையிருந்து, அவரவர் விருப்பம் அறிந்து உண்பிக்கவே கூறியது.

அமெரிக்காவில், முதிர்ந்த அல்சைமர் நோயுற்ற ஒன்பது ஆடவருக்கு வெள்ளைத் தட்டை நீக்கி, அழுத்தமான நிறமுள்ள தட்டிலும் குவளையிலும் உணவளித்துப் பார்த்தனர். அவர் உண்ட உணவு நூற்றுக்கு 25 பங்கும், பருகிய நீர்மம் 84 பங்கும் மிகுந்தன என்று 2004இல் எழுதினர். ஒன்பது பேர் என்பது சிறு தொகையே. ஆயினும் காரணம் விளங்குகிறது: நோய் பார்வையின் நுட்பத்தையும் குறைப்பதால், வெள்ளைத் தட்டில் உள்ளது கண்ணுக்குத் தனித்துத் தோன்றுவதில்லை. வெள்ளைச் சோற்றை வெள்ளித் தட்டிலோ எவர்சில்வர் தட்டிலோ இடுவதினும் பச்சை வாழையிலையில் இடுவது நன்று என்பதற்கு நம்மவர் இதுவரை கூறாத காரணம் ஒன்று இங்கே கிடைத்துவிட்டது!

கோடையில் நீர் அருந்த மறத்தல் பெருந்தீங்கு. வெயில் கொளுத்தும் நாளில் உடலில் நீர் வற்றினால், நேற்றுவரை மக்களை அறிந்தவர் இன்று அறியாமல் பிதற்றுவார். நோய் திடீரென முற்றியது என இல்லத்தார் அஞ்சுவர். தாகம் தோன்றும் என்று காத்திராமல், வேளைதோறும் நீரோ நீர்மோரோ கையிற் கொடுத்துப் பருகச் செய்தல் வேண்டும்.

அம்மருமகளுக்கு, பக்கத்து ஊர் அரசு ஆரம்ப நலவாழ்வு நிலையத்தில் மருத்துவர் ஒருவர் இவற்றையெல்லாம் பொறுமையாகக் கூறினார் என வைத்துக்கொள்வோம். அன்றுமுதல் அவள், இப்போதுதானே உண்டீர்கள் என்று வாதிடுவதை விட்டாள். ஒரு வேளைச் சோற்றில் ஒரு பிடியை எடுத்து வைத்திருந்து, மூதாட்டி திண்ணையில் குரலெடுக்கும்போது, "இதோ கொண்டுவருகிறேன், அத்தை" என்று கூறிச் சிறு இலைத்துண்டில் இட்டுக் கொடுத்தாள். இரண்டு கவளத்தில் அவர் நிறைவுற்றார். தெருவாரும் கேட்டுக்கொண்டனர்.

ஒருநாள் பள்ளியிலிருந்து வந்த பெயரன், பாட்டிக்காக மத்தி மீனின் முள்ளைக் களைந்துகொண்டிருந்தான். முள் தொண்டையிற் சிக்கினால் கூறத் தெரியாதாகையால், முள்ளின்றிக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பெயரன் நடுமுள்ளை நடுவிலே முறித்துவிட்டு விழித்தான். மூதாட்டி சிறிது நேரம் அதனைப் பார்த்திருந்தார். அன்று காலைதான் அவனை யார் பிள்ளை என்று வினவியவர் அவர். கை நீட்டி மீனை வாங்கினார். வாலைப் பற்றி, விரல் நுனியால் முதுகை ஒரு முறை வருடி, தலையிலிருந்து வால்வரை நடுமுள்ளை முழுமையாக உருவி இலையின் ஓரத்தில் வைத்தார். பின்னர் முள் நீங்கிய மீனை அவன் பக்கம் நகர்த்தி, "உண், அப்பா" என்றார்.